பி.எஸ்சி. உயிர்வேதியியல்: எதை முதலில் படிப்பது, எதைப் பிறகு படிப்பது

தமிழ்நாட்டுக் கலை அறிவியல் கல்லூரிகளில் மூன்றாண்டு உயிர்வேதியியல் படிப்பில் சேரப்போகிறவர்களுக்காகவும், சேர்ந்து முதல் இன்டர்னல் தேர்விலேயே திணறுகிறவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். ஜூனியர்களுக்குப் பாடத்திலும் லேபிலும் உதவிவரும் எனக்குத் தெரிந்தவரை, பெரும்பாலோர் சிக்கிக்கொள்வது வரிசையில்தான். பி.எச். கணக்கு புரியாமல் அமினோ அமிலத்துக்குப் போகிறார்கள். அமினோ அமிலம் பிடிபடாமல் நொதிக்குத் தாவுகிறார்கள். நொதி என்ன செய்கிறது என்றே தெரியாமல், குளுக்கோஸ் உடையும் பாதையான கிளைக்காலிசிஸின் பத்து வினைகளையும் மனப்பாடம் செய்கிறார்கள். இரண்டாம் ஆண்டில் எல்லாம் ஒன்றுசேர்ந்து கழுத்தைப் பிடிக்கிறது. கீழே உள்ளதை வரிசை மாற்றாமல் செய்யுங்கள்.

1. சேரும் முன்: லேபைப் பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள்

பிளஸ் டூவில் வேதியியல் கட்டாயம் இருக்க வேண்டும். உயிரியலையும் பெரும்பாலான கல்லூரிகள் கேட்கும். அரசுக் கல்லூரிகளுக்கு டி.என்.ஜி.ஏ.எஸ்.ஏ. இணையதளம் வழியாகப் பொது விண்ணப்பம். உதவிபெறும் கல்லூரிகளும் தனியார் கல்லூரிகளும் தனித்தனியே விண்ணப்பம் தருகின்றன.

கட்டடத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். டிபார்ட்மென்ட் லேபுக்குள் ஒருமுறை போய்வர அனுமதி கேளுங்கள். பி.எச். மீட்டர் வேலை செய்கிறதா, கலரிமீட்டர் எத்தனை, சென்ட்ரிஃபியூஜ் உண்டா, ஒரு சோதனையை எத்தனை பேர் சேர்ந்து செய்கிறார்கள் என்று பாருங்கள். இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவரின் ரெக்கார்டு நோட்டைப் புரட்டினால் பாதி உண்மை தெரிந்துவிடும். எல்லாருடைய ரெக்கார்டிலும் ஒரே ரீடிங் இருந்தால், அங்கே ஒருவர் செய்ய மற்றவர்கள் பார்த்து எழுதுகிறார்கள் என்று பொருள். இந்தப் படிப்பில் கையால் செய்யாத சோதனை மனதில் நிற்காது.

எதற்காகச் சேர்கிறீர்கள் என்பதிலும் தெளிவு வேண்டும். ஆஸ்பத்திரி லேபில் டெக்னீஷியனாக வேண்டும் என்பதே குறிக்கோள் என்றால் அதற்கு நேரான வழி எம்.எல்.டி. (மருத்துவ ஆய்வுக்கூடத் தொழில்நுட்பம்) படிப்பு. உயிர்வேதியியல் பட்டம் அதற்கு ஈடு என்று நம்பிச் சேர்ந்து மூன்றாம் ஆண்டில் தவிப்பவர்கள் உண்டு. பள்ளி ஆசிரியர் வேலை மனதில் இருந்தால், இந்தப் பட்டம் எந்தப் பாடத்துக்கு இணையாகக் கருதப்படுகிறது என்பதை அரசாணையில் பார்த்துவிட்டுச் சேருங்கள். ஆராய்ச்சி, மருந்துத் துறை, முதுநிலைப் படிப்பு, கிளினிக்கல் ரிசர்ச் போன்றவை உங்கள் எண்ணமாக இருந்தால் தயங்க வேண்டாம்.

அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்திருந்தால் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1000 ரூபாய் கிடைக்கும். கல்லூரி வழியாகத்தான் பதிவு செய்ய வேண்டும். சேர்ந்த வாரமே அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

2. வகுப்பு தொடங்கும் முன்: பிளஸ் டூ வேதியியலைத் தூக்கிப்போடாதீர்கள்

தேர்வு முடிந்ததும் பழைய புத்தகத்தை எடைக்குப் போடுவது வழக்கம். வேதியியல் இரண்டு தொகுதிகளையும் வைத்துக்கொள்ளுங்கள். அயனிச் சமநிலை, கார்பனைல் சேர்மங்களும் கார்பாக்சிலிக் அமிலங்களும், கரிம நைட்ரஜன் சேர்மங்கள், உயிரியல் மூலக்கூறுகள் ஆகிய நான்கு பாடங்களையும், பதினொன்றாம் வகுப்பு வெப்ப இயக்கவியலையும் மீண்டும் ஒருமுறை படியுங்கள்.

காரணம் இருக்கிறது. ஆல்டிஹைடு, கீட்டோன், ஆல்கஹால், அமைன், எஸ்டர் ஆகியவற்றைப் பார்த்தவுடன் அடையாளம் தெரியாதவருக்கு வளர்சிதை மாற்றம் முழுவதும் வெறும் பெயர்ப் பட்டியலாகத்தான் இருக்கும். தெரிந்தவருக்கோ, ஒரு மூலக்கூறு அடுத்ததாக ஏன் மாறுகிறது என்பது படத்திலேயே தெரியும்.

லாகரிதமும் வேண்டும். லாக் 2 என்றால் 0.301, லாக் 3 என்றால் 0.477. இந்த இரண்டும் நினைவில் இருந்தால் பி.எச். கணக்கில் பாதியை மனதிலேயே போடலாம்.

3. தமிழ் வழியில் படித்தவர்களுக்கு: முதல் மாதச் சொல் நோட்டு

பாடம் ஆங்கிலத்தில் நடக்கும். அதனால் வகுப்பில் வாய் திறக்காமல் இருந்துவிடுவதுதான் நான் பார்க்கும் பெரிய இழப்பு. நொதி, புரதம், கரைதிறன், ஆக்சிஜனேற்றம், ஒடுக்கம், சமநிலை என்று உங்களுக்குக் கருத்து ஏற்கெனவே தெரியும். ஆங்கிலப் பெயர் மட்டும்தான் புதிது. தனி நோட்டில் இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் உங்கள் சொந்தத் தமிழில் ஒரு வரி விளக்கம் என்று எழுதுங்கள். அகராதியில் பார்த்து எழுத வேண்டாம், உங்களுக்குப் புரிந்த விதத்தில் எழுதுங்கள்.

பிறகு சத்தமாக வாசியுங்கள். வைவா எனும் வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வரும் தேர்வாளர் முன்னால் பெயர் நாக்கில் வராமல்தான் மதிப்பெண் போகிறது.

நொதிப் பெயர்களின் பின்னொட்டை முதலிலேயே பிரித்துப் படியுங்கள். கைனேஸ், செல்லின் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி.யிலிருந்து பாஸ்பேட்டை எடுத்து இன்னொன்றின் மேல் வைக்கும். பாஸ்பட்டேஸ், நீரைக் கொண்டு பாஸ்பேட்டை வெட்டி எடுக்கும். பாஸ்பாரிலேஸ், கனிம பாஸ்பேட்டைக் கொண்டு பிணைப்பை உடைத்து, துண்டின் மேலேயே பாஸ்பேட்டை ஏற்றிவிடும். இந்த மூன்றையும் குழப்பிக்கொள்ளாத முதலாமாண்டு மாணவரை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன். குழப்பம் தீராமல் கிளைக்கோஜன் பாடத்துக்குப் போனால் அங்கே ஒரு வரிகூட நிற்காது.

4. முதல் செமஸ்டர்: செறிவு, நீர்த்தல், பஃபர்

முதலில் மோலாரிட்டி, நார்மாலிட்டி. 0.1 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடு 250 மி.லி. வேண்டுமென்றால் எவ்வளவு எடுப்பீர்கள்? அதன் மூலக்கூறு எடை 40. ஒரு லிட்டருக்கு 4 கிராம், 250 மி.லி.க்கு 1 கிராம். இதைத் தாளில்லாமல் சொல்லும்வரை பயிற்சி செய்யுங்கள். கந்தக அமிலத்தில் 1 மோலார் என்பது 2 நார்மல் என்பதை மறப்பவர்கள் அதிகம். அதனால் டைட்ரேஷன் விடை சரியாக இரண்டு மடங்காகவோ பாதியாகவோ வரும். விடை அப்படி வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டிய இடம் இதுதான்.

அடுத்து நீர்த்தல். பத்தில் ஒன்றாக நீர்த்தல் என்றால் 1 மி.லி. மாதிரியோடு 9 மி.லி. நீர். 10 மி.லி. சேர்த்தால் அது பதினொன்றில் ஒன்று.

பிறகு பஃபர், அதாவது பி.எச். எளிதில் மாறாத கரைசல். பி.எச். என்பது, அமிலத்தின் வலிமையைக் காட்டும் எண்ணான பி.கே.ஏ. மதிப்போடு, காரத்துக்கும் அமிலத்துக்கும் உள்ள விகிதத்தின் லாகைக் கூட்டினால் வருவது. இந்த ஒரு சமன்பாட்டைப் பத்துப் பதினைந்து கணக்குப் போட்டுக் கைக்குக் கொண்டுவாருங்கள். எடுத்துக்காட்டாக, அசிட்டிக் அமிலத்தின் பி.கே.ஏ. 4.76. பி.எச். 5.0 வேண்டும். வித்தியாசம் 0.24. அதன் எதிர்லாக் ஏறத்தாழ 1.74. அதாவது அமிலம் 1 பங்கு என்றால் சோடியம் அசிட்டேட் 1.74 பங்கு. ஒரே செறிவுள்ள கரைசல்களை எடுத்தால் 100 மி.லி.யில் அசிட்டேட் 63.5, அமிலம் 36.5.

இதைக் கலந்து மீட்டரில் வைத்தால் சரியாக 5.0 காட்டாது. கணக்குத் தப்பு என்று பதறாதீர்கள். கரைசலில் அயனிகள் கூடும்போது பி.கே.ஏ. நகரும், பாஸ்பேட் பஃபரில் இந்த நகர்வு இன்னும் பெரிது. கணக்கு உங்களைப் பக்கத்தில் கொண்டுபோய்விடும், மீட்டரைப் பார்த்துச் சொட்டுச் சொட்டாகச் சரிசெய்வதுதான் கடைசி வேலை. டிரிஸ் பஃபரை அறை வெப்பநிலையில் சரிசெய்து குளிர்பெட்டியில் பயன்படுத்தினால் பி.எச். ஏறியிருக்கும், ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 0.03. எந்த வெப்பநிலையில் பயன்படுத்தப்போகிறீர்களோ அங்கேயே சரிசெய்யுங்கள்.

5. இருபது அமினோ அமிலங்கள்: எழுதிப் பழகுங்கள்

அகர வரிசையில் படிக்காதீர்கள். பக்கச் சங்கிலியின் குணப்படி பிரியுங்கள்: நீரை விலக்குபவை, வளையம் உள்ளவை, மின்சுமையில்லாமல் நீரோடு சேர்பவை, அமிலத் தன்மை உள்ளவை, காரத் தன்மை உள்ளவை. தினமும் ஒரு வகையை வரையுங்கள். ஓரெழுத்துக் குறியீட்டையும் அப்போதே படித்துவிடுங்கள். மூன்றாம் ஆண்டு மூலக்கூறு உயிரியலிலும் நுழைவுத் தேர்விலும் அதுதான் வரும்.

இவற்றின் பி.கே.ஏ. மதிப்புகள் ஏன் முக்கியம்? ஹிஸ்டிடினின் பக்கச் சங்கிலி மதிப்பு 6.0. உடலின் பி.எச். அருகிலேயே இருப்பதால் புரோட்டானை வாங்கவும் கொடுக்கவும் அதனால் முடிகிறது. பல நொதிகளின் வினைமையத்தில் ஹிஸ்டிடின் உட்கார்ந்திருப்பதற்குக் காரணம் இதுவே. அடுத்த பாடம் இங்கிருந்துதான் கிளம்புகிறது.

சமமின்புள்ளி (மொத்த மின்சுமை பூஜ்யமாகும் பி.எச்.) கணக்கில் வரும் வழக்கமான தவறு, மூன்று மதிப்புகளையும் கூட்டி மூன்றால் வகுப்பது. லைசினுக்கு 2.18, 8.95, 10.53 என்று மூன்று உண்டு. மொத்த மின்சுமை பூஜ்யமாக இருக்கும் வடிவத்தின் இரண்டு பக்கமும் உள்ள மதிப்புகளை மட்டும் எடுக்க வேண்டும். லைசினுக்கு அவை 8.95, 10.53. சராசரி 9.74. ஒவ்வொரு வடிவத்துக்கும் மின்சுமையை எழுதிவிட்டுக் கணக்குப் போட்டால் இந்தத் தவறு வரவே வராது.

6. நொதிகள்: கிராஃப் வரையாமல் புரியாது

கே.எம். என்பது வினைவேகம் அதிகபட்ச வேகத்தில் பாதியாக இருக்கும்போதுள்ள வினைப்பொருளின் (நொதி எதன்மேல் வேலை செய்கிறதோ அதன்) செறிவு. இந்த வரியை எல்லாரும் எழுதுவார்கள். நொதியின் அளவை இரட்டித்தால் கே.எம். என்ன ஆகும் என்று கேட்டால் பாதிப்பேர் அதுவும் இரட்டிக்கும் என்பார்கள். மாறாது. அதிகபட்ச வேகமான வி-மேக்ஸ்தான் இரட்டிக்கும்.

எண்ணோடு படித்தால் பொருள் விளங்கும். ஹெக்சோகைனேஸுக்குக் குளுக்கோஸ் மீதான கே.எம். 0.1 மில்லிமோலார் அளவில் இருக்கும். கல்லீரலின் குளுக்கோகைனேஸுக்கு அதைவிடப் பல மடங்கு அதிகம். வெறும் வயிற்றில் ரத்தக் குளுக்கோஸ் ஏறத்தாழ 5 மில்லிமோலார். ஆகவே ஹெக்சோகைனேஸ் எப்போதும் முழு வேகத்தில் ஓடுகிறது. குளுக்கோகைனேஸ் சாப்பிட்ட பிறகு குளுக்கோஸ் ஏறும்போதுதான் வேகமெடுக்கிறது. கல்லீரல் ஏன் சாப்பாட்டுக்குப் பின் மட்டும் குளுக்கோஸைச் சேமிக்கிறது என்பதற்கு விடையில் ஒரு பகுதி இங்கே கிடைத்துவிட்டது.

வேகத்தின் தலைகீழியையும் செறிவின் தலைகீழியையும் வைத்து வரையும் லைன்வீவர்-பர்க் வரைபடத்தில் போட்டித் தடுப்பான், போட்டியில்லாத் தடுப்பான் கோடுகளை மனப்பாடம் செய்வதைவிட, கற்பனை எண்கள் ஐந்தாறு எடுத்துக் கிராஃப் தாளில் நீங்களே வரையுங்கள். போட்டித் தடுப்பானில் வினைப்பொருளைக் கொட்டிக்கொண்டே போனால் தடுப்பான் தோற்றுவிடும். அதனால் வி-மேக்ஸ் மாறாது, கோடுகள் செங்குத்து அச்சில் சந்திக்கும். ஒருமுறை வரைந்த கை மறக்காது.

நொதி வகைகள் எத்தனை என்ற கேள்விக்கு இன்றும் ஆறு என்று எழுதும் நூல்கள் உண்டு. 2018இல் டிரான்ஸ்லோகேஸ் ஏழாவது வகையாகச் சேர்க்கப்பட்டது. ஏழையும் எழுதி, ஏழாவது எப்போது வந்தது என்பதையும் சேர்த்துவிடுங்கள். தேர்வாளர் எந்த நூலைப் படித்தவராக இருந்தாலும் மதிப்பெண் போகாது.

7. வளர்சிதை மாற்றம்: நேரம் கொடுக்க வேண்டிய இடம்

இந்தப் படிப்பின் நடுமையம் இதுதான். அவசரப்பட்டு ஓட வேண்டாம்.

வரிசை: கிளைக்காலிசிஸ், பைருவேட் டிஹைட்ரஜனேஸ், சிட்ரிக் அமிலச் சுழற்சி, எலக்ட்ரான் கடத்துச் சங்கிலி. இந்த நான்கும் முடிந்த பிறகு கொழுப்பு அமில பீட்டா ஆக்சிஜனேற்றம். அதன் பின் குளுக்கோநியோஜெனிசிஸ் (புதிதாகக் குளுக்கோஸ் கட்டுதல்), கிளைக்கோஜன், பென்டோஸ் பாஸ்பேட் பாதை, கொழுப்பு அமிலத் தயாரிப்பு. கடைசியாக அமினோ அமிலங்கள், யூரியா சுழற்சி, நியூக்ளியோடைடுகள். உடைக்கும் பாதையைப் படித்த பிறகே கட்டும் பாதையைப் படிக்க வேண்டும் என்பதற்குக் காரணம், கட்டும் பாதையில் வரும் ஒவ்வொரு மாற்றுவழியும் உடைக்கும் பாதையின் ஏதோ ஒரு தடையைத் தாண்டுவதற்காக இருப்பதுதான்.

அ. ஒவ்வொரு வினைக்கும் "ஏன்" கேளுங்கள்

கிளைக்காலிசிஸின் இரண்டாவது வினையில் குளுக்கோஸ்-6-பாஸ்பேட் ஃபிரக்டோஸ்-6-பாஸ்பேட் ஆகிறது. எதற்கு இந்த வேலை? கார்பனைல் தொகுதி முதல் கார்பனிலிருந்து இரண்டாவதுக்கு நகர்ந்தால்தான் பின்னால் மூலக்கூறை மூன்றுக்கு மூன்றாகச் சரிபாதியாக வெட்ட முடியும். சிட்ரேட் ஏன் ஐசோசிட்ரேட் ஆகிறது? சிட்ரேட்டில் இருப்பது மூவிணைய ஆல்கஹால். அதை எளிதில் ஆக்சிஜனேற்றம் செய்ய முடியாது. ஹைட்ராக்சில் தொகுதி பக்கத்துக் கார்பனுக்கு நகர்ந்ததும் ஈரிணைய ஆல்கஹால். அடுத்த வினை நடக்கும். பிளஸ் டூ புத்தகத்தை வைத்துக்கொள்ளச் சொன்னது இதற்குத்தான்.

ஆ. ஒன்றைப் படித்து மூன்றைப் பெறுங்கள்

சக்சினேட், ஃபியூமரேட், மேலேட், ஆக்சலோ அசிட்டேட் என்ற வரிசையைப் பாருங்கள். முதலில் ஹைட்ரஜன் நீங்கி இரட்டைப் பிணைப்பு, அந்த ஹைட்ரஜனை எஃப்.ஏ.டி. என்ற துணைநொதி வாங்கிக்கொள்கிறது. பிறகு நீர் சேர்கிறது. பிறகு மறுபடி ஆக்சிஜனேற்றம், என்.ஏ.டி. வாங்கிக்கொள்கிறது. பீட்டா ஆக்சிஜனேற்றத்தின் முதல் மூன்று வினைகளும் அச்சாக இதே ரசாயனம்தான். கொழுப்பு அமிலத் தயாரிப்பில் இதுவே தலைகீழாக ஓடுகிறது: ஒடுக்கம், நீர் நீக்கம், ஒடுக்கம். அங்கே எலக்ட்ரான் தருவது என்.ஏ.டி.பி.எச். இதைக் கண்டுகொண்ட நாளிலிருந்து ஜூனியர்களின் முகம் மாறுவதைப் பார்ப்பதே எனக்கு இந்தப் பாடத்தில் பெரிய மகிழ்ச்சி.

அதேபோல் பைருவேட் டிஹைட்ரஜனேஸுக்கு வேண்டிய ஐந்து துணைநொதிகளான தயமின் பைரோபாஸ்பேட், லிப்போயிக் அமிலம், கோ-ஏ, எஃப்.ஏ.டி., என்.ஏ.டி. ஆகியவையே ஆல்ஃபா கீட்டோகுளூட்டரேட் டிஹைட்ரஜனேஸுக்கும். தயமின் குறைந்தால் இரண்டும் படுத்துவிடும் என்பதும் கூடவே வந்துவிடுகிறது.

இ. ஒரு பாதைக்கு ஒரு தாள்

ஏ4 தாளில் இவற்றை எழுதுங்கள்: செல்லில் எங்கே நடக்கிறது, தொடக்கமும் முடிவும், திரும்பாத வினைகள், துணைநொதிகள், எது முடுக்குகிறது எது தடுக்கிறது, எந்த நோயோடு தொடர்பு. திரும்பாத வினைகளைச் சிவப்பில் எழுதுங்கள். கிளைக்காலிசிஸில் அவை மூன்று: ஹெக்சோகைனேஸ், பாஸ்போஃபிரக்டோகைனேஸ்-1, பைருவேட் கைனேஸ். கட்டுப்பாடு எப்போதும் திரும்பாத இடங்களில்தான் உட்காரும். அதனால் சிவப்பைப் பார்த்தாலே கட்டுப்பாட்டுக் கேள்விக்குப் பாதி விடை வந்துவிடும்.

குளுக்கோநியோஜெனிசிஸைக் கிளைக்காலிசிஸின் தலைகீழ் என்று எழுதுவது மிகப் பரவலான தவறு. சிவப்பில் எழுதிய மூன்று வினைகளையும் வேறு நான்கு நொதிகள் சுற்றிப் போகின்றன. கடைசி நொதியான குளுக்கோஸ்-6-பாஸ்பட்டேஸ் தசையில் இல்லை. அதனால்தான் தசைக் கிளைக்கோஜன் ரத்தத்துக்குக் குளுக்கோஸ் தராது.

ஈ. ஏ.டி.பி. கணக்கில் எந்த நூல் என்று பாருங்கள்

குளுக்கோஸ் முழுதாக எரிந்தால் 36, 38 என்று பழைய நூல்கள். 30, 32 என்று புதியவை. பழையதில் ஒரு என்.ஏ.டி.எச்.க்கு 3, எஃப்.ஏ.டி.எச்.2க்கு 2 என்று கணக்கு, இப்போது 2.5, 1.5. பால்மிட்டிக் அமிலத்துக்கு 129, 106 என்று வருவதும் இதே காரணத்தால்தான். இரண்டு முறைகளையும் கலந்தால்தான் ஆபத்து. விடையின் முதல் வரியிலேயே எந்த மதிப்பை எடுக்கிறீர்கள் என்று எழுதிவிட்டுக் கூட்டுங்கள். நூலகத்தில் புத்தகம் எடுக்கும்போதும் இந்தப் பக்கத்தை முதலில் திறந்து பாருங்கள், பதிப்பின் வயது தெரிந்துவிடும்.

உ. பாதைகளைச் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள்

எல்லாத் தாள்களும் முடிந்ததும், இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்டவர் மறுநாள் மாலை வரை ஒன்றும் சாப்பிடவில்லை என்று வைத்துக்கொண்டு உடலில் நடப்பதை மணி வாரியாகச் சொல்லுங்கள். முதலில் இன்சுலின், சேமிப்பு. பிறகு குளுக்ககான், கல்லீரல் கிளைக்கோஜன் உடைதல்; அது ஏறத்தாழ ஒரு நாளுக்குள் தீரும். குளுக்கோநியோஜெனிசிஸ் இதற்கிடையிலேயே தொடங்கியிருக்கும். கொழுப்பு உடைந்து கீட்டோன்கள் உருவாகும். கல்லீரல் அவற்றைத் தயாரித்தாலும் பயன்படுத்த முடியாது; அதற்கான நொதி அங்கே இல்லை. சிவப்பணுவுக்கு மைட்டோகாண்ட்ரியா இல்லாததால் கடைசிவரை குளுக்கோஸ்தான் வேண்டும். எங்கே தடுமாறுகிறீர்களோ அந்தத் தாளுக்குத் திரும்பிப் போங்கள்.

8. லேப்: மதிப்பெண்ணும் புரிதலும் சேர்ந்து கிடைக்கும் இடம்

பாதுகாப்பு முதலில். வாயால் பிப்பெட் உறிஞ்சாதீர்கள். பழைய பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது, ரப்பர் பல்பு கேட்டு வாங்குங்கள். அமிலத்தை நீரில் மெதுவாக ஊற்ற வேண்டும். நீரை அமிலத்தில் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். ரத்தம், சிறுநீர் மாதிரிகளைக் கையுறையோடுதான் தொட வேண்டும்.

அ. சர்க்கரை கண்டறிதல்

மோலிஷ், அயோடின், பெனடிக்ட், பார்ஃபோட், செலிவனாஃப், ஓசசோன் என்ற வரிசையை மாற்றாதீர்கள். ஒவ்வொன்றும் அடுத்ததற்கு வழியைக் குறுக்கித் தருகிறது. பார்ஃபோடில் அதிக நேரம் சூடாக்கினால் அமிலம் இரட்டைச் சர்க்கரையை உடைத்துவிடும். மால்டோஸ்கூடக் குளுக்கோஸ் போலக் காட்டும். கடிகாரத்தைப் பார்த்து எடுங்கள்.

சுக்ரோஸ் பலரை ஏமாற்றும். பெனடிக்டில் ஒன்றும் வராது, செலிவனாஃபில் சிவப்பு வரும். அங்குள்ள அமிலம் அதை உடைத்து ஃபிரக்டோஸை வெளியே விடுவதுதான் காரணம். குளுக்கோஸுக்கும் ஃபிரக்டோஸுக்கும் ஓசசோன் படிகம் ஒரே ஊசி வடிவம். வேறுபாடு இருந்த முதல் இரண்டு கார்பன்களும் வினையில் ஈடுபட்டுவிடுகின்றன. ஆகவே இந்த இரண்டையும் பிரிக்க ஓசசோனை நம்பாதீர்கள், செலிவனாஃபை நம்புங்கள்.

ஆ. லவ்ரி முறையில் புரத அளவீடு

எல்லாக் குழாய்களையும் ஒரே கொள்ளளவுக்கு நீரால் நிரப்பிவிட்டுக் காரத் தாமிரக் கரைசலைச் சேர்த்து 10 நிமிடம் வையுங்கள். ஃபோலின் கரைசலைச் சேர்த்த நொடியே குலுக்குங்கள். காரத்தில் அது விரைவில் சிதைந்துவிடும். எல்லாக் குழாயிலும் ஊற்றி முடித்துவிட்டுக் கடைசியில் குலுக்கினால் முதல் குழாய்களில் நிறம் குறைந்து கோடு வளையும். 30 நிமிடம் கழித்து 660 நானோமீட்டரில் ரீடிங். பிளாங்க்கில் புரதத்தைத் தவிர மற்ற எல்லாம் இருக்க வேண்டும், ஏனென்றால் கரைசல்களுக்கே சொந்தமாக உள்ள நிறத்தைக் கழிப்பதுதான் அதன் வேலை. மாதிரியில் டிரிஸ் பஃபர் இருந்தால் அதுவும் நிறம் தரும்.

மாதிரியின் ரீடிங் கடைசி ஸ்டாண்டர்டைத் தாண்டிவிட்டால் கோட்டை நீட்டாதீர்கள். நிறம் வந்த கரைசலில் நீர் ஊற்றுவதும் தவறு. மூல மாதிரியை நீர்த்து மறுபடி முதலிலிருந்து செய்யுங்கள்.

கணக்கில்தான் பலர் விழுகிறார்கள். கொடுத்த மாதிரியை 100 மி.லி.க்கு நிரப்பினீர்கள், அதில் 0.5 மி.லி. எடுத்தீர்கள்; கிராஃபில் 90 மைக்ரோகிராம் வந்தது. விடை 90ஐ 0.5ஆல் வகுத்து 100ஆல் பெருக்க, 18,000 மைக்ரோகிராம், அதாவது 18 மி.கி. அந்த 0.5ஐ மறந்து 9 மி.கி. என்று எழுதும் தாள்கள் ஒவ்வொரு பிராக்டிகலிலும் வருகின்றன.

இ. உமிழ்நீர் அமைலேஸ்

உமிழ்நீரை நீர்க்காமல் எடுத்தால் ஸ்டார்ச் கண்ணெதிரே காணாமல் போய்விடும். அளக்க ஒன்றும் மிஞ்சாது. முன்கூட்டியே நீர்த்து ஒரு சோதனை ஓட்டம் பாருங்கள். ஸ்டார்ச்சையும் நொதியையும் தனித்தனியாக 37 டிகிரியில் வைத்திருந்து பிறகு கலந்தால்தான் நேரம் சரியாக வரும். கொஞ்சம் உப்பு சேர்ப்பதற்குக் காரணம், இந்த நொதிக்குக் குளோரைடு அயனி வேண்டும்.

ஈ. ரத்தக் குளுக்கோஸ்

மாதிரியைச் சாதாரணக் குழாயில் விட்டுவைத்தால் செல்கள் குளுக்கோஸைத் தின்றுகொண்டே இருக்கும், அளவு குறைந்துகொண்டே போகும். ஃபுளூரைடு உள்ள குழாய் எதற்கு என்று வைவாவில் கேட்பார்கள். ஃபுளூரைடு ஈனோலேஸைத் தடுக்கிறது என்று சொல்லிவிட்டு, அது கிளைக்காலிசிஸின் எந்த வினை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

9. ரெக்கார்டும் தேர்வும்

ரீடிங்கை லேபிலேயே அப்சர்வேஷன் நோட்டில் பேனாவால் எழுதுங்கள், தாளில் கிறுக்கி வைத்தால் தொலையும். ரெக்கார்டை அந்த வாரமே முடியுங்கள். மாடல் பிராக்டிகலுக்கு முந்தின இரவு பத்து சோதனைகளை எழுதுகிறவர் வைவாவுக்குப் படிக்கவே மாட்டார்.

எழுத்துத் தேர்வில் பத்து மதிப்பெண் கேள்விக்குப் பாதையின் படம், நடக்கும் இடம், ஆற்றல் கணக்கு, கட்டுப்பாடு, மருத்துவத் தொடர்பு ஆகியவை வேண்டும். ஒரு பாதைக்கு ஒரு தாள் போட்டவருக்கு விடை ஏற்கெனவே தயார். அல்லைடு பாடத்தை (துணைப் பாடத்தை) அலட்சியம் செய்து அரியர் வைக்காதீர்கள்; முதுநிலைச் சேர்க்கையில் அது காலைப் பிடித்து இழுக்கும்.

10. இரண்டாம் ஆண்டிலிருந்தே அடுத்த கட்டம்

மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வு உதவித்தொகை இரண்டு மாதம் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை செய்ய வாய்ப்புத் தருகிறது. இரண்டாம் ஆண்டில் விண்ணப்பியுங்கள். பரிந்துரை தரும் ஆசிரியருக்கு உங்களைத் தெரிந்திருக்க வேண்டும். ஆகவே அதற்கு முன்பே டிபார்ட்மென்டில் ஒருவரிடமாவது பாடச் சந்தேகம் கேட்டுப் பழகியிருங்கள்.

முதுநிலைக்கு வழிகள் பல. ஐ.ஐ.டி.களுக்கும் பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி.யின் ஒருங்கிணைந்த பிஎச்.டி.க்கும் ஜாம் என்ற தேசிய நுழைவுத் தேர்வு. பாண்டிச்சேரி, ஹைதராபாத் போன்ற மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு சி.யு.இ.டி. முதுநிலைத் தேர்வு. பயோடெக்னாலஜித் துறையின் ஆதரவில் நடக்கும் முதுநிலைப் படிப்புகளுக்கு கேட்-பி நுழைவுத் தேர்வு. ஜாம் வழக்கமாகப் பிப்ரவரியில் நடக்கும்; விண்ணப்பம் அதற்கு முந்தின செப்டம்பர், அக்டோபரிலேயே முடிந்துவிடும். ஜனவரியில் விசாரிக்கத் தொடங்குகிறவர்களுக்கு அந்த ஆண்டு போய்விட்டது.

ஜாம் பயோடெக்னாலஜித் தாளில் உயிரியலோடு பிளஸ் டூ அளவிலான கணிதம், இயற்பியல், வேதியியலும் உண்டு. கணிதம் இல்லாத பிரிவில் படித்து வந்தவர்கள் பயப்பட வேண்டாம், ஆனால் கடைசி மூன்று மாதத்தில் பிடித்துவிடலாம் என்றும் நினைக்க வேண்டாம். நான்காம் செமஸ்டர் விடுமுறையில் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புக் கணிதப் புத்தகங்களை வாங்கி, சார்புகள், அணிகள், நிகழ்தகவு, அடிப்படை நுண்கணிதம் ஆகியவற்றிலிருந்து தொடங்குங்கள். எண்ணையே விடையாகத் தட்டச்சு செய்யும் கேள்விகளுக்குத் தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை; பஃபர், நொதி வேகம், நீர்த்தல் கணக்குகளை முதல் ஆண்டில் ஒழுங்காகப் போட்டவர்கள் அங்கே நிறைய எடுக்கலாம்.

விண்ணப்பத்துக்குப் புகைப்படம், கையொப்பம், சாதிச் சான்றிதழ் ஆகியவற்றை முன்பே ஸ்கேன் செய்து வையுங்கள். மத்திய அரசு வடிவத்திலான ஓ.பி.சி. சான்றிதழ் வேறு, பள்ளியில் கொடுத்த பி.சி. சான்றிதழ் வேறு. தாலுகா அலுவலகத்தில் வாங்க நாளாகும் என்பதால் ஐந்தாம் செமஸ்டர் தொடங்கும்போதே அதற்கு விண்ணப்பித்துவிடுங்கள்.